பிரசாதத்தில் எத்தனை கலோரி?

ஓம் சரவணபவ. 

போன ஐப்பசி கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் பாலும் பழமுமாக விரதம் இருந்தோம். ஏழாம் நாள் திருக்கல்யாணம் பார்த்துவிட்டு வந்து பாரணைக்கு உட்கார்ந்தோம். எங்க அண்ணன் மகளும் கூட விரதம் இருந்தாள். பழனி பஞ்சாமிர்தம் ஒரு கரண்டி எடுத்து அவள் கையில் வைத்தேன். அதையே பார்த்துக்கொண்டு இருந்தவள், "ஏனுங் அத்தை, இதுல எத்தனை கலோரி இருக்கும்?"னு கேட்டாள்.

சிரிச்சுட்டு விட்டிருக்கலாம். ஆனா அவள் கண்ணில் பயம் இருந்தது. அப்புறம்தான் மெல்ல விசாரிச்சேன். மூணு வருஷமாக ஏதாவது ஒரு டயட். பத்து நாள் அரிசியே தொடுவதில்லை. பதினோராம் நாள் ராத்திரி யாருக்கும் தெரியாமல் சோத்துப் பானையோடு உட்காருவது. விடிஞ்சா, தப்புப் பண்ணிட்டோம்னு அழுகை. சஷ்டி விரதமும் ரெண்டு கிலோ குறையும்னுதான் இருந்திருக்கிறாள்.

விரதமும் பட்டினி, டயட்டும் பட்டினி. இதில் என்ன வித்தியாசம்னு அன்னைக்கிருந்து யோசிச்சுப் பார்க்கிறேன்.

விரதத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு, ஒரு முடிவு உண்டு. முடிகிற அன்னைக்கு சாமியே பிரசாதம் கொடுத்து "சாப்பிடு"னு சொல்றார். டயட்டுக்குப் பாரணையே கிடையாது. அதோடு, சோறு பாவம், சப்பாத்தி புண்ணியம்னு புதுசா ஒரு கணக்கையும் எழுதிவிடுகிறது. உழைச்சு சம்பாதிச்சு, பகிர்ந்து சாப்பிடுகிற சோத்தில் பாவம் எங்கிருந்து வந்தது?

உடம்பும் இந்தக் கணக்கை ஒத்துக்கொள்வதில்லை. அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1945-ல் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், தாங்களாகவே முன்வந்த 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரைவயிறு சாப்பாடு கொடுத்துப் பார்த்தார். தினம் சுமார் 1,570 கலோரி. இன்னைக்கு நம்ம பிள்ளைகள் கையில் இருக்கிற பல டயட் சார்ட்டில் அந்த அளவுகூட இல்லை. அந்த இளைஞர்களுக்கு எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பே ஆகிப்போச்சு. சிலர் சமையல் புத்தகம் சேர்க்க ஆரம்பிச்சாங்க. சோதனை முடிந்து வேண்டிய மட்டும் சாப்பாடு கிடைத்த பிறகும், வயிறு நிறைந்தும் பசி தீராமல் தவிச்சவங்க உண்டு. எங்க பிள்ளை ராத்திரி பானையோடு உட்கார்ந்ததும் இதனால்தானே? அது அவள் குணக்கேடு இல்லைங்க. அடக்கி வைத்த பசி திருப்பி அடிக்குது.

1995-ல் ஈவ்லின் டிரிபோலி, எலிஸ் ரெஷ் என்ற இரண்டு உணவியல் நிபுணர்கள் டயட்டை விட்டுவிட்டு, உடம்பு சொல்வதைக் கேட்டுச் சாப்பிடுங்கள் என்று ஒரு புத்தகம் எழுதினார்கள். பசிச்சா சாப்பிடு, நிறைஞ்சா நிறுத்து, எந்த உணவையும் எதிரியாக்காதே. நமக்கு இது புதுசில்லை. திருக்குறளில் 95-ம் அதிகாரம் "மருந்து". முன்னே சாப்பிட்டது செரித்ததா என்று பார்த்து, நன்றாகப் பசித்த பிறகு, ஒத்துக்கொள்வதை அளவறிந்து சாப்பிடச் சொல்கிறார் வள்ளுவர்.

"அப்போ நாக்கு கேட்கிறதெல்லாம் தின்னலாமா?"னு நீங்க கேட்பீங்க. நானும் கேட்டேன். அதற்குப் பதில் விரதத்திலேயே இருக்குதுங்க. மூணாம் நாள் சாயங்காலம் நாலு மணிக்கு டீயும் போண்டாவும் வேணும்னு மனசு துடிக்கும். முருகா முருகான்னு கொஞ்ச நேரம் இருந்தா அது போயிடும். வயிற்றுப் பசி அப்படிப் போகாது. எது நாக்குப் பசி, எது கவலைப் பசி, எது நிஜப் பசின்னு ஆறு நாளில் ஓரளவு பிடிபடும். விரதம் பசியைக் கொல்வதற்கில்லை, அதை அடையாளம் தெரிந்துகொள்வதற்கு. சூரனையே முருகன் அழிக்கவில்லை. மயிலாகவும் சேவலாகவும் ஏற்றுக்கொண்டார். நாம் மட்டும் ஏன் நம்ம வயிற்றோடு ஆயுசுக்கும் யுத்தம் பண்ணணும்?

ஆனா ஒன்று. பசி கேட்டுச் சாப்பிடுகிற பாக்கியம் எல்லோருக்கும் இல்லை. எங்கப்பா தறிக்குடோனில் பன்னிரண்டு மணி நேரம் நின்னவர். கரண்ட் போனாத்தான் அவருக்குச் சாப்பாட்டு நேரம். இன்னைக்கும் ஷிப்ட்டில் நிற்கிறவர்களுக்குப் பசி ஒரு நேரம், சோறு ஒரு நேரம். அவங்க நிம்மதியா உட்கார்ந்து சாப்பிட அரை மணி நேரம் விட்டுக்கொடுப்பதும் ஒரு புண்ணியம்தான். சர்க்கரைக்கு மாத்திரை, ஊசி எடுப்பவர்கள் பசியையும் நம்பி இருக்கக்கூடாது, டாக்டரைக் கேட்காமல் விரதமும் இருக்கக்கூடாது. ஒளிச்சுச் சாப்பிட்டு அழுகிற பிள்ளை வீட்டில் இருந்தால் திட்டாதீங்க. பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்க, டாக்டரிடம் கூட்டிப் போங்க. நாங்களும் அதைத்தான் செய்தோம்.

அன்னைக்கு அவளிடம், "கலோரி எனக்குத் தெரியாது கண்ணு. விருப்பாச்சிப் பழம், சர்க்கரை, நெய், தேன், பேரீச்சை, கற்கண்டு, ஏலக்காய் இருக்குது. மலையிலிருந்து வந்தது. அவ்வளவுதான் தெரியும்"னு சொன்னேன். ரொம்ப நேரம் கழிச்சு பாதியைச் சாப்பிட்டாள். மீதியை என் கையில் கொடுத்து, "போதுமுங் அத்தை"ன்னாள்.

பயத்தில் சொன்ன "போதும்" இல்லைங்க அது. நிறைஞ்சு சொன்னது. வரும் சஷ்டிக்குக் காப்புக் கட்டும் முன்னே நாமும் ஒருமுறை நம்மையே கேட்டுக்கொள்வோம்: இந்த விரதம் முருகனுக்கா, எடை மெஷினுக்கா?

வேலும் மயிலும் துணை. வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!