கொக்கின் பாதம்

1907இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த வெஸ்ட்மின்ஸ்டர் நாய்க் கண்காட்சியில், எல்லா இனங்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு நாயைத் தேர்ந்தெடுத்து ‘கண்காட்சியின் சிறந்த நாய்’ என்ற பட்டத்தை முதன்முறையாகக் கொடுத்தார்கள். வாங்கியது வாரன் ரெமடி. குட்டை முடி கொண்ட ஃபாக்ஸ் டெரியர், பெண் நாய். 1908இலும் அவள்தான் ஜெயித்தாள். 1909இலும் அவளேதான். நூறு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. அந்தப் பட்டத்தை மூன்று முறை வென்ற இன்னொரு நாய் அங்கே இதுவரை வரவில்லை.

எனக்கு நாய்க் கண்காட்சி வீடியோக்கள் பார்க்கும் பழக்கம் உண்டு. பச்சைக் கம்பளத்தில் நாய்கள் ஓடுவதை ராத்திரி ரெண்டு மணி வரை பார்த்துக்கொண்டிருப்பேன். பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான் வரும். சிறந்த நாய் என்றால் எதில் சிறந்தது? ஓட்டத்திலா, அறிவிலா, அன்பிலா? எதிலும் இல்லை. அங்கே ஒரு நாய் இன்னொரு நாயோடு போட்டி போடுவதே கிடையாது. ஒவ்வொரு இனத்துக்கும் எழுதி வைத்த வர்ணனை ஒன்று இருக்கிறது. தலை இவ்வளவு நீளம், காது இப்படி மடங்க வேண்டும், நெஞ்சு ஆழமாக, ஆனால் அகலம் இல்லாமல் இருக்க வேண்டும் என்று. அந்த எழுத்துக்கு எந்த நாய் மிக நெருக்கமாக இருக்கிறதோ, அதுதான் சிறந்த நாய். அதாவது உயிருள்ள ஒன்று ஒரு பத்திக்கு எவ்வளவு விசுவாசமாக இருக்கிறது என்று பார்க்கிறார்கள்.

அந்தப் பத்தி வானத்திலிருந்து விழவில்லை. டெரியர் என்ற பெயரே மண்ணைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நரி வளைக்குள் ஒளிந்துகொண்டால், பின்னாலேயே நுழைந்து வெளியே விரட்ட வேண்டும். அதற்குத்தான் குறுகிய நெஞ்சு, அதற்குத்தான் நீண்ட தாடை. வெள்ளை நிறத்துக்கும் காரணம் சொல்வார்கள்: மண்ணிலிருந்து வெளியே வரும்போது வேட்டை நாய்கள் நரி என்று நினைத்துக் கடித்துவிடக் கூடாது. இன்றும் பார்சன் ரஸல் டெரியரைச் சோதிக்கும் நடுவர், முன்னங்கால்களுக்குப் பின்னால் இரண்டு கைகளையும் கொடுத்து அதன் நெஞ்சைச் சுற்றி வளைத்துப் பார்ப்பார். இந்த உடம்பு நரி வளைக்குள் போகுமா என்று பார்க்கும் சோதனை அது. சில டெரியர் போட்டிகளில் இரண்டு நாய்களை நேருக்கு நேர் நிறுத்துவார்கள். தொட விடமாட்டார்கள். முறைத்துக்கொள்ளும்போது காதும் கழுத்தும் வாலும் எப்படி விறைக்கின்றன என்று கவனிப்பார்கள்.

வளை இல்லை, நரி இல்லை. ஆனால் வளைக்குள் போகத் தகுதியான உடம்பு மட்டும் பத்திரமாக இருக்கிறது. வேலை போய்விட்டது; வேலைக்கான அடையாளம் மட்டும் மிஞ்சிவிட்டது. இந்த இடத்தில்தான் எனக்கு இது நாயைப் பற்றிய விஷயம் மட்டும் இல்லை என்று தோன்ற ஆரம்பித்தது.

டெரியர்களின் கதையில் ஜான் ரஸல் என்ற பாதிரியார் வருவார். 1819இல் ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு பால்காரரிடம் டிரம்ப் என்ற பெண் நாயை வாங்கினார். வெள்ளை உடம்பு, கண்ணிலும் காதிலும் வால் அடியிலும் பழுப்புத் திட்டுகள். ஜாக் ரஸல் டெரியர் என்று இன்று உலகம் சொல்லும் நாய்களின் மூதாய் அவள்தான் என்பார்கள். டிரம்ப்பின் அப்பா யார்? அம்மா யார்? எந்தப் பதிவிலும் இல்லை. பால் வண்டியோடு வந்த நாய், பிடித்திருந்தது, வாங்கினார். அவ்வளவுதான்.

பிறகு 1873இல் லண்டனில் கென்னல் கிளப் தொடங்கியது. ரஸலும் அதில் ஆரம்பகால உறுப்பினர். மறு ஆண்டு அதன் முதல் வம்சாவளிப் பதிவேடு வெளிவந்தது. அதன் பிறகு நாய்க்கு அப்பா அம்மா மட்டும் அல்ல, தாத்தா பாட்டி, கொள்ளுத்தாத்தா எல்லாம் காகிதத்தில் ஏறினார்கள். பெடிக்ரீ என்ற சொல்லுக்குப் பழைய பிரெஞ்சில் ‘கொக்கின் பாதம்’ என்று பொருள். வம்சத்தை வரையும்போது ஒரு பெயரிலிருந்து கோடுகள் பிரிந்து போவது கொக்கின் கால்தடம் மாதிரி இருக்குமாம். அழகான உவமைதான். எந்தத் தடத்தையும் பின்னோக்கித் தொடர்ந்தால் ஓரிடத்தில் அது நின்றுவிடும். ஒவ்வொரு சுத்த ரத்தத்துக்கும் மேலே, முதல் வரிசையில், ஒரு பால்காரரின் நாய் நிற்கிறது.

வாரன் ரெமடியின் சொந்தக்காரர் பெயர் வின்த்ரோப் ரதர்ஃபர்ட். நியூயார்க்கின் மிகப் பழைய குடும்பம். அப்பா நிலவைப் புகைப்படம் எடுத்த வானியலாளர். அம்மா வழியில், டச்சுக்காரர்கள் ஆண்ட காலத்து ஆளுநர் பீட்டர் ஸ்டைவசன்ட் வரை போகும் வம்சம். அமெரிக்க அளவுகோலில் இதற்கு மேல் ‘பேப்பர்’ வேண்டியதில்லை. இந்த மனிதரை 1895இல் கான்சுவேலோ வாண்டர்பில்ட் காதலித்தார். ரயில்வே கோடீஸ்வரரின் மகள், பதினெட்டு வயது. அம்மா ஆல்வாவுக்கு அது பிடிக்கவில்லை. மகளுக்கு ஒரு டியூக் வேண்டும் என்று முடிவு செய்திருந்தார். ரதர்ஃபர்ட் எவ்வளவு பழைய குடும்பமாக இருந்தாலும் பட்டம் இல்லாதவர். அதே ஆண்டு நவம்பரில் கான்சுவேலோவுக்கும் மார்ல்பரோ டியூக்குக்கும் கல்யாணம் நடந்தது. டியூக்குக்குப் பிளென்ஹைம் அரண்மனையைக் காப்பாற்றப் பணம் வேண்டியிருந்தது. 25 லட்சம் டாலர் மதிப்புள்ள ரயில்வே பங்குகள் கைமாறின. கான்சுவேலோவின் வேலை வாரிசு பெற்றுக் கொடுப்பது. அவர் இரண்டு ஆண் பிள்ளைகள் பெற்றார்.

கான்சுவேலோ பிற்காலத்தில் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். சிறுமியாக இருந்தபோது பாடம் படிக்கும் நேரங்களில் முதுகுத்தண்டோடு சேர்த்து ஓர் இரும்புக் கம்பியைக் கட்டிவிடுவார்களாம். இடுப்பில் ஒரு பட்டை, தோளில் ஒரு பட்டை, நெற்றியில் ஒன்று. கழுத்து நிமிர்ந்தே இருக்க வேண்டும். கண்காட்சியில் ஹேண்ட்லர் கயிற்றை மேலே தூக்கிப் பிடித்து, வாலை நிமிர்த்தி, முன்னங்கால்களை நேராக்கி டெரியரை நிறுத்துவதைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கம்பி ஞாபகம் வராமல் இருப்பதில்லை. கான்சுவேலோ பிறந்தது 1877. வெஸ்ட்மின்ஸ்டர் கண்காட்சி தொடங்கியதும் அதே ஆண்டுதான். தற்செயல்தான். ஆனால் ரதர்ஃபர்ட் விஷயம் தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன். வம்சம் போதாது என்று ஒதுக்கப்பட்ட ஒருவர், பன்னிரண்டு வருடம் கழித்து, குறையே சொல்ல முடியாத வம்சத்து நாயோடு அந்த அரங்கில் ஜெயித்தார். காயப்படுத்திய அளவுகோலை அவர் தூக்கி எறியவில்லை. அதைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். நாமும் பெரும்பாலும் அப்படித்தானே செய்கிறோம்?

கண்காட்சிக்கு நாய் வளர்க்கும் நண்பர் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னேன். சிரித்தார். “ஏன் இவ்ளோ யோசிக்கறீங்க? நாய்க்கு என்ன தெரியும்? ரிங்ல வால ஆட்டிக்கிட்டு ஓடுது. அதுக்கு அது விளையாட்டு. நல்ல சாப்பாடு, நல்ல டாக்டர், ஏசி ரூம். தெருவுல திரியற நாய்க்கு இதுல கால்வாசி கிடைக்குமா?”

நியாயமான கேள்வி. பட்டம் வாங்கும் நாய் பெரும்பாலும் நேசிக்கப்படும் நாய்தான். அமெரிக்காவில் ஒரு நாய் சாம்பியன் ஆக 15 புள்ளிகள் சேர்க்க வேண்டும். பிரிட்டனில் மூன்று வெவ்வேறு நடுவர்களிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். ஊர் ஊராக வண்டியில் போக வேண்டும். வெஸ்ட்மின்ஸ்டரில் 15 முறை வென்ற வயர் ஃபாக்ஸ் டெரியரின் முடியைக் கத்தரிக்கக் கூடாது. காய்ந்த முடியை விரலால் ஒவ்வொரு கொத்தாகப் பிடுங்கி எடுக்க வேண்டும். மணிக்கணக்காக ஒரு நாயோடு இப்படி உட்கார்ந்திருப்பவருக்கு அந்த நாய்மீது அன்பு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். நண்பர் தன் நாயின் காது மடலைத் தடவிக்கொண்டேதான் என்னோடு வாதாடினார்.

என் சிக்கல் அந்த ஒரு நாயோடு இல்லை. இன்னும் பிறக்காத நாயோடு.

பெட்லிங்டன் டெரியரை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில் சுரங்கத் தொழிலாளிகள் வளர்த்த நாய். பார்க்க ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கும். எலியைக் கண்டால் விடாது. 1970களில் இந்த இனத்தில் ஒரு நோயைக் கண்டுபிடித்தார்கள். சாப்பாட்டில் வரும் செம்பை ஈரல் வெளியேற்றாது. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து ஒருநாள் ஈரலே அழிந்துவிடும். 2002இல் அதற்குக் காரணமான மரபணுக் குறையையும் கண்டுபிடித்தார்கள். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பக்கமும் குறை வந்தால்தான் நோய். ஒன்று மட்டும் இருக்கும் நாய் நல்ல ஆரோக்கியத்தோடு ஓடும், கண்காட்சியில் ஜெயிக்கும். ஜெயித்த ஆண் நாயைத்தான் எல்லோரும் இனச்சேர்க்கைக்குக் கேட்பார்கள். அதன் குட்டிகள் ஊரெல்லாம் பரவும். சில தலைமுறை கழித்து அதே தாத்தாவின் பேரனும் பேத்தியும் சேரும்போது கணக்கு முடியும்.

இதில் வில்லன் யார்? வளர்த்தவர் நல்லவர். நடுவர் நேர்மையானவர். பட்டம் வாங்கிய நாய் உண்மையிலேயே அழகு. தனித்தனியாகப் பார்த்தால் யாரும் தப்பு செய்யவில்லை. ஆனாலும் ஒரு குட்டியின் ஈரலில் செம்பு சேர்கிறது. எல்லோரும் நல்லவர்களாக இருந்தும் கெடுதல் நடக்கும் ஏற்பாட்டை எந்தக் கணக்கில் வைப்பது? ஆட்களைத் திட்டி இதற்குப் பதில் கிடைக்காது. ஏற்பாட்டைத்தான் பார்க்க வேண்டும். இங்கே ஏற்பாடு என்பது மூடிய பதிவேடு. உள்ளே இருப்பவர்களின் பிள்ளைகள் மட்டுமே உள்ளே.

அந்தக் கதவைத் திறந்து பார்த்த ஒருவர் உண்டு. டால்மேஷியன் நாய்களுக்கு யூரிக் அமிலச் சிக்கல் இருந்தது. சிறுநீர்க் கல் வரும். 1973இல் ராபர்ட் ஷைபிள் என்ற மரபியலாளர் ஒரு டால்மேஷியனை ஒரு பாயின்டர் நாயோடு சேர்த்தார். ஒரே ஒரு முறை. பிறகு தலைமுறை தலைமுறையாக டால்மேஷியன்களோடு மட்டும். சில தலைமுறைகளில், பார்த்தால் வித்தியாசமே தெரியாத, அந்தச் சிக்கலும் இல்லாத புள்ளி நாய்கள் வந்துவிட்டன. இன ஆர்வலர்கள் எதிர்த்தார்கள். எத்தனையோ தலைமுறைக்கு முன் நடந்த ஒரே ஒரு கலப்பு அவர்களுக்குப் பெரிதாகத் தெரிந்தது. அமெரிக்கப் பதிவேடு அந்த வாரிசுகளை ஏற்றுக்கொள்ள 2011 ஆனது.

ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். வம்சாவளிக் காகிதம் இல்லாமல் இந்த நோய்களின் தடத்தைப் பிடிப்பது மிகவும் கடினமாக இருந்திருக்கும். யாருக்கு யார் பிறந்தார்கள் என்று எழுதி வைத்திருந்ததால்தான் நோய் எந்த வழியில் இறங்குகிறது என்று ஆராய முடிந்தது. ஆக, எழுதி வைப்பது குற்றமில்லை. எழுதி வைத்ததை வைத்துக் கதவு போடுவதுதான் பிரச்சினை. நினைவு வேறு, வேலி வேறு. ஒரே காகிதம் ரெண்டு வேலையும் செய்வதால் நமக்குக் குழப்பம் வருகிறது.

இந்தக் காகிதம் நாய்களோடு நிற்கவும் இல்லை. 1920இல் அமெரிக்காவின் கேன்ஸஸ் மாநிலக் கண்காட்சியில், கால்நடைகளுக்குப் பரிசு கொடுக்கும் அதே விழாவில், ‘தகுதியான குடும்பங்கள்’ போட்டி நடத்தினார்கள். மனிதக் குடும்பங்கள் தங்கள் வம்ச விவரத்தோடு வந்து உடம்பைப் பரிசோதித்துக்கொண்டு பதக்கம் வாங்கிப் போனார்கள். இதே சிந்தனையின் மறுமுனையில், ‘தகுதியற்றவர்கள்’ என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று 1927இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, வாரன் ரெமடி ஜெயித்த அதே நியூயார்க் நகரத்தில், 1916 மே மாதம், கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கு ஒன்றில் இந்திய மாணவர் ஒருவர் கட்டுரை வாசித்தார். இருபத்தைந்து வயது, பெயர் அம்பேத்கர். சாதியின் உயிர்நாடி அகமணம்தான், தனக்குள்ளேயே கதவைச் சாத்திக்கொண்ட வர்க்கம்தான் சாதி என்பது அதன் சாரம். சாதியையும் நாய் இனத்தையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. நாய் இனத்தில் உடம்பைத் தேர்ந்தெடுத்து வளர்க்கிறார்கள். சாதியில் அந்த வித்தைகூடக் கிடையாது. சாதி ரத்தத்தைச் சுத்தமாக வைத்திருக்கிறது என்ற வாதத்தை அம்பேத்கரே பின்னாளில் பிய்த்துப் போட்டார். நான் சொல்வது கதவைப் பற்றி மட்டும்.

நம் மொழிக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது. நம்மூரில் நாய் வாங்கப் போனால் யாரும் பெடிக்ரீ என்று கேட்பதில்லை. “ஜாதி நாயா? பேப்பர் இருக்கா?” என்றுதான் கேட்கிறார்கள். கேட்பவருக்கு அதில் எந்த உறுத்தலும் இல்லை. எனக்கு உண்டு. ஏனென்றால் கேட்கப்படும் கேள்வி, இந்த நாய் எப்படிப்பட்டது என்பதில்லை. இது வேறு எதனோடும் சேராமல் வந்ததா என்பது. முன்னால் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும் உயிரைப் பார்ப்பதற்கு முன்பே அதன் பின்னால் நிற்கும் வரிசையைப் பார்க்கும் கண் அது. அந்தக் கண் நாயோடு நின்றுவிடும் என்று நம்ப எனக்குத் தைரியம் இல்லை.

அப்படியானால் டெரியர் கண்காட்சியையே மூடிவிட வேண்டுமா? வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். ஒரு வடிவத்தை இருநூறு வருடம் நேசித்துக் காப்பாற்றுவது சின்ன விஷயமில்லை. ஆனால் அந்த நேசத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்காமல் இருக்க முடியாது. வடிவத்துக்கும் உயிருக்கும் சண்டை வந்தால் உயிர் பக்கம் நிற்க வேண்டும்; வடிவம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கட்டும். பிரிட்டிஷ் கென்னல் கிளப் 2009 முதல், அப்பா–மகள், அம்மா–மகன், கூடப்பிறந்தவை என்ற சேர்க்கைகளில் பிறக்கும் குட்டிகளைப் பதிவு செய்வதை நிறுத்திவிட்டது. பதிவேடு தொடங்கி 135 வருடம் கழித்து வந்த விதி. தாமதம்தான், ஆனாலும் வந்திருக்கிறது.

கான்சுவேலோவின் கதைக்கு ஒரு முடிவு இருக்கிறது. 1926இல் அந்தத் திருமணத்தை ரோமின் திருச்சபை நீதிமன்றம் செல்லாததாக்கியது. காரணம், பெண்ணின் சம்மதம் இல்லை. மகளைத் தான்தான் கட்டாயப்படுத்தினேன் என்று ஆல்வாவே சாட்சி சொன்னார். முப்பது வருடம் கழித்தாவது ஒரு மனுஷி, இது என் விருப்பம் இல்லை என்று சொல்ல முடிந்தது. காகிதத்தைத் திருத்தவும் முடிந்தது.

பெட்லிங்டன் குட்டிக்கு அப்படி ஒரு நீதிமன்றம் கிடையாது. அதன் சார்பில் சாட்சி சொல்லக்கூடியவர்கள், பதிவேட்டைக் கையில் வைத்திருப்பவர்கள் மட்டும்தான்.