தியாகம் யாருடையது?

சில வருஷங்களுக்கு முன்னால் நான் ஒரு சிறுகதை எழுதினேன். அணை கட்டுவதற்காக நிலத்தையும் வீட்டையும் விட்டுக்கொடுத்துவிட்டு, மாட்டு வண்டியில் ஊரை விட்டுப் புறப்படும் ஒரு கிழவரின் கதை. வண்டி மேட்டில் ஏறும்போது அவர் ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறார். "போகட்டும், நாலு பேர் நன்றாயிருப்பார்கள்" என்று சொல்லிவிட்டு மாட்டைத் தட்டுகிறார். கதைக்குத் 'தியாகம்' என்று பெயர் வைத்தேன். படித்தவர்கள் கண் கலங்கியதாக எழுதினார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அந்தத் தொகுதி மறுபதிப்புக்குப் போகிற சமயத்தில் ஒரு வாசகியின் கடிதம் வந்தது. "உங்கள் கிழவரை யாராவது சம்மதம் கேட்டார்களா? அவர் மாட்டேன் என்று சொல்லியிருந்தால் அணையை நிறுத்தியிருப்பார்களா? இல்லையென்றால் அது எப்படித் தியாகமாகும்?" என்று மூன்றே கேள்விகள். கூடவே ஒரு புகைப்படத்தை வைத்து அனுப்பியிருந்தார்.

படத்தில் மேஜைக்கு முன்னால் ஓர் அதிகாரி உட்கார்ந்திருக்கிறார். எதிரே நிற்கும் இளம்பெண் ஒரு வெட்டுக்கத்தியின் தட்டையான பக்கத்தை அவர் கன்னத்தில் அழுத்துகிறாள். கீறல் இல்லை, ரத்தம் இல்லை. பிரேசில் தேசத்தில், அமேசான் காட்டின் அல்தமிரா என்ற ஊரில், 1989 பிப்ரவரியில் எடுத்த படம் அது. அவள் கயாப்போ என்ற பழங்குடியைச் சேர்ந்த துயிரே. அவர் மின்சார நிறுவனத்தின் பொறியாளர். ஷிங்கு நதியில் அணை கட்டப் போகிறோம் என்று அவர் விளக்கிக்கொண்டிருந்தபோது இது நடந்தது.

அந்தத் திட்டத்துக்கு முதலில் 'கராராவோ' என்று பெயர். அது அந்த மக்களின் போர் முழக்கம். யாருடைய நதியைக் கட்டப் போகிறார்களோ அவர்களுடைய போர் முழக்கத்தையே அணைக்குச் சூட்டியிருந்தார்கள்! கூட்டத்துக்குப் பிறகு உலக வங்கி கடனை நிறுத்தியது, திட்டமும் தூங்கியது. பெயரும் 'பேலோ மோன்ட்டே' என்று மாறியது. அழகிய மலை என்று அர்த்தம்.

பெயர் மாறினால் நதிக்குத் தெரியுமா? 2010-ல் அனுமதி கிடைத்தது. 2011-ல் வேலை தொடங்கியது. 2016-ல் முதல் மின்சாரம் வந்தது. 2019-ல் கடைசி இயந்திரமும் ஓடியது. மொத்தத் திறன் 11,233 மெகாவாட். ஆனால் ஷிங்கு மழைக்காலத்தில் பொங்கி, கோடையில் ஒடுங்குகிற நதி. ஆகையால் ஆண்டுச் சராசரிக்குக் கணக்கிட்டதே 4,571 மெகாவாட்தான்.

மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இதை நான் எழுதுவதும் மின்விளக்கின் கீழேதான். ஆஸ்பத்திரியில் பிறக்கிற குழந்தைக்கு வெளிச்சம் வேண்டும். ஆலையில் வேலை செய்கிறவனுக்குக் கூலி வேண்டும். பல கோடிப் பேருடைய நன்மைக்காகச் சில ஆயிரம் பேர் கஷ்டப்பட்டால் என்ன என்று கேட்பவர் எல்லோரும் கல்நெஞ்சர்கள் அல்லர். நானே அப்படிக் கேட்டிருக்கிறேன். காவிரிப் பாசனத்தில் விளைந்த அரிசியைச் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். 1934-ல் முடிந்த மேட்டூர் அணையில் நீர் வற்றும்போதெல்லாம் பண்ணவாடிப் பக்கம் பழைய நந்தியும் மாதா கோவிலின் கோபுரங்களும் தலைகாட்டுகின்றன. வேடிக்கை பார்க்கப் போகிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம். அங்கே கும்பிட்டவர்கள் எங்கே போனார்கள் என்று நான் ஒரு நாளும் விசாரித்ததில்லை.

ஷிங்குவில் நடந்த விஷயம் இன்னும் நுட்பமானது. பழங்குடியினர் நிலத்தில் ஓர் அங்குலங்கூட மூழ்காது என்று சர்க்கார் சொன்னது. அது உண்மைதான், தண்ணீர் அவர்கள் நிலத்துக்கு வரவில்லை. அவர்களிடமிருந்த தண்ணீர்தான் போய்விட்டது. நதி அங்கே பெரிய வளைவாக வளைந்து, நூறு கிலோமீட்டருக்கு மேல் சுற்றிக்கொண்டு போகிறது. அந்த வளைவின் கரையில் ஜுருனாக்களும் அராராக்களும் வாழ்கிறார்கள். அணை, நதியை வளைவின் தலையிலேயே மறித்து, கால்வாய் வழியாகக் குறுக்கே இயந்திரங்களுக்குக் கொண்டுபோகிறது. சில மாதங்களில் 80 சதவிகிதம் வரை தண்ணீர் திரும்பிவிடுகிறது.

மழைக்காலத்தில் கரைக்காடு நீரில் நிற்கும். மீன்கள் மரங்களுக்கு நடுவே புகுந்து, உதிரும் பழங்களைத் தின்று முட்டையிடும். அது அந்த மக்களுக்குச் சோறும் பாதையும் பஞ்சாங்கமும். இப்போது வெள்ளம் உரிய காலத்தில் காட்டுக்குள் ஏறுவதில்லை. ஜுருனாக்கள் சும்மா அழுதுகொண்டிருக்கவில்லை. விஞ்ஞானிகளைத் துணைக்கு வைத்துக்கொண்டு, பிடித்த மீனைத் தாங்களே அளந்து, எடைபோட்டு, வருஷக்கணக்காகக் குறித்துவைத்தார்கள். வற்றிய தரையில் முட்டைகள் காய்ந்து கிடப்பதைக் காட்டினார்கள். வளைவுக்கு எவ்வளவு தண்ணீர் விடுவது என்பதற்கு அதிகாரிகளிடம் ஒரு பட்டியல் இருந்தது. அதன் பெயர் 'ஒருமித்த கருத்து'ப் பட்டியல். கரையில் இருந்தவர்கள் அதற்கு ஒப்பவே இல்லை!

கேட்கவில்லையா என்றால், கேட்டதாகத்தான் ஏடுகளில் இருக்கிறது. பழங்குடியினரைக் கேட்ட பிறகே அவர்கள் பூமியின் நீரைப் பயன்படுத்தலாம் என்று பிரேசிலின் 1988 அரசியல் சாசனம் சொல்கிறது. நாடாளுமன்றம் 2005-ல், கேட்பதற்கு முன்பே அனுமதியைக் கொடுத்துவிட்டது. அது செல்லாது என்று 2012-ல் ஒரு நீதிமன்றம் வேலையை நிறுத்தியது. சில நாட்களிலேயே உச்ச நீதிமன்றத் தலைவரின் உத்தரவால் மறுபடி தொடங்கியது. இதற்கிடையில் கிராமத்துக்கு மாதம் 30,000 ரியால் மதிப்புள்ள பொருள்கள் வந்து இறங்கின: படகு, மோட்டார், எண்ணெய், சர்க்கரை, சோடா. தனித்தனிக் கிராமமானால் தனித்தனிப் பங்கு என்பதால் ஊர்கள் இரண்டாய், மூன்றாய்ப் பிரிந்தன. அல்தமிரா பட்டணத்திலும் ஆற்றங்கரையிலும் 20,000 பேருக்கு மேல் வீடு இழந்தார்கள்.

நான் இண்டர்மீடியட்டோடு படிப்பை நிறுத்தியவன், பொருளாதாரம் அறியேன். ஆனால் கதை எழுதுகிறவனுக்கு ஒரு விஷயம் தெரியும். என் கிழவரின் வாயில் நான் எந்த வார்த்தையையும் வைக்கலாம். அவர் நான் படைத்தவர். ஷிங்குக் கரையிலுள்ளவர்களை எந்தச் சர்க்காரும் படைக்கவில்லை. தன் பொருளைக் கொடுப்பவன் தியாகி. பிறர் பொருளை எடுத்துக் கொடுப்பவனுக்கு, அதை எத்தனை நல்ல காரியத்துக்குக் கொடுத்தாலும், அந்தப் பெயர் பொருந்தாது. 'மாட்டேன்' என்று சொல்ல இடமில்லாத கேள்வி கேள்வியே அல்ல, தண்டோரா.

அப்படியானால் ஒரு சிறு ஊர் ஒரு தேசத்தையே தடுத்துவிடலாமா? இது கஷ்டமான கேள்வி. எல்லாச் சமயத்திலும் தடுக்கலாம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் எடுத்துத்தான் ஆக வேண்டுமென்றால், எடுத்தோம் என்று சொல்லுகிற நேர்மையாவது வேண்டும். தியாகம் என்று பெயரிட்டுவிட்டால் மாலை போட்டுக் கணக்கை முடித்துவிடலாம். கடன் என்று சொன்னால் முடிக்க முடியாது. வருஷா வருஷம் திருப்பித் தர வேண்டும். அங்கே திருப்பித் தர வேண்டியது பணத்தை மட்டும் அல்ல, தண்ணீரை.

துயிரே 2024 ஆகஸ்டில் இறந்துபோனார். அந்தக் கத்தி அணையை நிறுத்திவிடவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் தள்ளிப்போட்டதில் அதற்கும் பங்குண்டு. அதைவிட முக்கியமாக, 'சம்மதித்தார்கள்' என்று யாரும் எழுதிவிட முடியாதபடி செய்துவிட்டது. என் கிழவருக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. அவர் சார்பில் நானே சம்மதித்துவிட்டேன்.

மறுபதிப்பின் அச்சுப்பிரதி இப்போது மேஜையில் இருக்கிறது. கிழவர் மேட்டில் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்க்கிறார். அவர் சொன்ன அந்த வாக்கியத்தை அடித்துவிட்டேன். தலைப்பையும் அடித்துவிட்டேன். புதுத் தலைப்பு இன்னும் கிடைக்கவில்லை.