காணாதவர் இடும் கட்டளை

தம் கண்ணாற் காணாத ஓரிடத்தில் உயிருக்குப் போராடும் ஒருவரை நோக்கி, 'இதைச் செய்யுங்கள், இதைச் செய்யாதீர்கள்' எனக் கட்டளையிடும் உரிமை எவருக்கேனும் உண்டா? அவசர அழைப்பு நிலையங்களிலே தொலைபேசியின் முன் அமர்ந்திருப்போர் நாள்தோறும் அவ்வுரிமையைக் கையாளுகின்றனர். அச்சத்தாற் கலங்கிய மனம் அமைதியான குரலொன்றைப் பற்றிக்கொள்ளும். அக்குரல் நில் என்றால் நிற்கும். இத்துணை வலிமை வாய்ந்த சொல் எந்த அறத்துக்குக் கட்டுப்பட வேண்டும்?

இவ்வினாவுக்கு உயிர்களை விலையாகக் கொடுத்த நிகழ்ச்சியொன்று உண்டு. 2017ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் திகதி, மேற்கு இலண்டனில் 24 மாடிகள் கொண்ட கிறென்பெல் கோபுரத்தின் நான்காம் மாடியிலே, ஒரு வீட்டின் சமையலறையில் தீப்பற்றியது. நள்ளிரவு கடந்து 12.54க்கு முதல் அழைப்பு வந்தது. ஒன்றரை மணியளவில் தீ உச்சியை எட்டிவிட்டது. மேல்மாடிகளிலிருந்து அழைத்த பலருக்குக் கிடைத்த மறுமொழி, 'வீட்டுக்குள்ளேயே இருங்கள்' என்பதாகும். அத்தீயினால் 72 பேர் மாண்டனர்.

அம்மறுமொழிக்கு அடிப்படையான விதி மூடத்தனமானதன்று. ஒவ்வொரு வீட்டின் சுவரும் கதவும் தீயைத் தடுத்து நிற்கும். அதற்குள் வீரர் வந்து அணைத்துவிடுவர். எல்லோரும் ஒருங்கே இருந்த ஒரே படிக்கட்டில் இறங்கினால் நெரிசலே மிஞ்சும். ஆயின், 2016இல் முடிவுற்ற புதுப்பிப்பு வேலையின்போது, எளிதிற் பற்றும் பொலிஎதிலீனை உள்ளே கொண்ட அலுமினியத் தகடுகள் வெளிச்சுவரிற் பொருத்தப்பட்டிருந்தன. தீ அவ்வழியே ஏறிற்று. விதி நம்பியிருந்த கட்டிடம் அழிந்துவிட்டது. விதி மட்டும் எஞ்சியிருந்தது. 2.47க்கே அது கைவிடப்பட்டது. 1.30க்கும் 1.50க்கும் இடையிலேயே அதைக் கைவிட்டிருக்க வேண்டும் என, சேர் மாட்டின் மூர்-பிக் தலைமையிலான விசாரணை 2019இல் முடிவு செய்தது.

தொலைபேசியின் முன் இருந்தோரைக் கொடியவர் எனல் அநீதி. கோபுரத்தை அவர்கள் காணவில்லை. ஒரே வேளையில் குவிந்த அத்தனை அழைப்புக்களைக் கையாளும் பயிற்சி அவர்களுக்கு அளிக்கப்படவில்லை. எனினும் அவ்வறிக்கை சுட்டிய இரு குறைகள் நம் சிந்தனைக்குரியன. அழைத்தோரிடம், எத்தனை பேர் உள்ளனர், புகை எவ்வாறுள்ளது, வெளியேற இயலுமா என்பன எப்போதும் கேட்கப்படவில்லை. வீரர் வருவது உறுதியாகத் தெரியாதபோதும், 'வருகிறார்கள்' என்று ஆறுதல் கூறப்பட்டது.

இங்கேதான் அறப்பிரச்சினை எழுகின்றது. அறியாமலே வழங்கப்படும் உறுதிமொழி, கேட்பவர் முடிவு செய்ய வேண்டிய நேரத்தை அவரிடமிருந்து பறிக்கின்றது. உதவி வருமென நம்பியவர் கதவைத் திறப்பதைப் பிற்போடுவார். அதற்குள் புகை அடர்ந்துவிடும். உண்மையைச் சொன்னால் பீதி பெருகுமே என்பர் சிலர். அச்சமுற்றவருக்கு உறுதியான குரல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் உறுதிக்கும் உண்மைக்கும் பகையில்லை. 'நான் உங்கள் வீட்டைக் காணவில்லை, நீங்கள் காண்பதைச் சொல்லுங்கள். இப்போது இருங்கள், புகை உள்ளே வந்தால் உடனே கூறுங்கள். இனி இருத்தல் ஆபத்து, புறப்படுங்கள்' என்று தெளிவாகவும் திடமாகவும் கூறலாம். காணாதவர், காண்பவரின் கண்ணைத் தம் கண்ணாகக் கொள்ளும்போதே அவருடைய கட்டளைக்கு நியாயம் பிறக்கின்றது.

எனினும் தனிமனிதரின் மனச்சாட்சி மட்டும் போதாது. 2009 ஜூலை 3இல் தென் இலண்டனின் லக்கனல் ஹவுஸ் மாடிக் கட்டிடத்தில் ஆறு பேர் மாண்டபோதும், அழைத்தோருக்கு உள்ளே இருக்கும்படியே கூறப்பட்டது. அப்பாடத்தை நிறுவனம் செவ்வனே கற்றிருந்தால் எட்டாண்டுகளின் பின் இருந்த ஊழியர் இருளில் விடப்பட்டிருக்கமாட்டார்கள். தகடுகளை உற்பத்தி செய்தோரின் திட்டமிட்ட நேர்மையீனத்தை 2024இல் வெளிவந்த இறுதி அறிக்கை வெளிப்படுத்தியது; மரணங்கள் யாவும் தவிர்க்கத்தக்கனவென்றும் கூறிற்று. குடியிருந்தோர் ஆபத்தைப் பற்றித் தீக்கு முன்னரே குரலெழுப்பியிருந்தனர். அன்று அவர்கள் குரலுக்கு எவரும் செவிசாய்க்கவில்லை.

ஆகவே, தொலைபேசியில் நிகழ்ந்த தவறு அந்த இரவிலே தொடங்கியதன்று. உள்ளே வாழ்பவரைக் கேளாமல் அவர் வாழ்வுக்கு விதி வகுக்கும் சமுதாயம், ஆபத்து வேளையிலும் கேளாமலே கட்டளையிடும். அழைப்பை ஏற்பவருக்குப் பயிற்சியும், களத்திலுள்ளவரோடு நேரடித் தொடர்பும், விதியை மாற்றும் அதிகாரமும் வேண்டும். அவற்றை வழங்காது அவரிடம் அறத்தை மாத்திரம் எதிர்பார்ப்பது, பொறுப்பைக் கீழே தள்ளிவிட்டுத் தப்பிக்கொள்ளும் மேலோரின் பழைய தந்திரமே.