கட்டிலடிக் குடித்தனம்

காப்பகத்திலிருந்து நாயைக் கூட்டிவருகிறவர்கள் மனதில் ஒரு சினிமா ஓடும். கதவைத் திறந்ததும் நாய் வாலாட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றிவரும், சோபாவில் ஏறி மடியில் தலைவைக்கும், கண்ணில் நன்றி ததும்பும். எங்கள் வீட்டில் அந்தப் படத்துக்கு டைரக்டர் என் மகள். நடந்தது வேறு. செம்பூரில் எங்கள் பில்டிங்கின் மூன்றாவது மாடிக்கு வந்துசேர்ந்த நாய் நேராகப் படுக்கையறைக் கட்டிலுக்கு அடியில் புகுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டது. அதோடு சரி, அங்கேயே குடித்தனம். வைத்த சோற்றைத் தொடவில்லை. தண்ணீர் குடித்தது நாங்கள் விளக்கணைத்துப் படுத்த பிறகு. யாராவது குனிந்து எட்டிப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொட்டாவி விட்டது.

நாய் தூக்கத்துக்கு மட்டும் கொட்டாவி விடுவதில்லை. நார்வே நாட்டு நாய்ப் பயிற்சியாளர் துரித் ருகாஸ் இந்தச் சைகைகளையெல்லாம் பல வருடம் கூர்ந்து பார்த்து எழுதிவைத்திருக்கிறார். கொட்டாவி, உதட்டை நக்குவது, தலையைத் திருப்பிக்கொள்வது, தரையை மோந்துகொண்டே மெல்ல நகர்வது எல்லாம் தன் பதற்றத்தையும் எதிரில் நிற்பவரின் பதற்றத்தையும் தணிக்க நாய் செய்யும் முயற்சிகள் என்கிறார். அப்படியென்றால் கட்டிலடியில் கிடந்த அந்த ஜீவன் எங்களிடம் மரியாதையாகத்தான் பேசிக்கொண்டிருந்தது: கொஞ்சம் தள்ளிப் போங்கள்.

மணி என்று பெயர் வைத்தோம். தமிழ்நாட்டில் பாதி நாய்களுக்கு அதுதானே பெயர். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இன்னும் ஒரு அங்குலம் உள்ளே போனான்.

பக்கத்து வீட்டு மாமி மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். கதவோரம் நின்றே கேட்டார்: "இது குலைக்கவே மாட்டேங்கறதே, ஊமையா?" அவர் குரல் கேட்டதும் கட்டிலடியில் நகம் தரையில் கீறும் சத்தம்.

பம்பாய் வீடு எவ்வளவு சத்தமானது என்று எனக்கு இத்தனை வருடம் உறைக்கவில்லை. மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், நாயின் காது 45,000 வரை போகும். எங்களுக்கு ஒரு குக்கர் விசில். அவனுக்கு நான்கு மாடிக் குக்கர்கள். லிஃப்ட்டின் இரும்புக் கதவு, குருவிபோல் கத்தும் காலிங் பெல், ஹார்பர் லைன் ரயில், பால்காரர் பாக்கெட்டைப் போட்டுவிட்டுப் போகும் சத்தம், மேல்வீட்டில் நாற்காலி இழுபடுவது. காப்பகத்திலும் சத்தத்துக்குக் குறைவில்லை, நாள் முழுக்க நூறு நாய் குரைக்கும். ஆனால் அது எங்கிருந்து, எதற்காக வருகிறது என்று அவனுக்குத் தெரியும். இங்கே ஒவ்வொரு சத்தத்துக்கும் சொந்தக்காரன் யார் என்று கண்டுபிடித்தாக வேண்டும்.

காப்பகத்து நாய்களின் பயத்தை ரத்தத்திலும் சிறுநீரிலும் அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மைக்கேல் ஹென்னஸியும் உடன் உழைத்தவர்களும் 1997-ல் வெளியிட்ட ஆய்வில், காப்பகத்துக்கு வந்த முதல் மூன்று நாள்களில் கார்ட்டிசோல் என்ற அழுத்த ஹார்மோன் மிக அதிகமாக இருந்தது. 2019-ல் லிசா கன்டர் குழு ஐந்து காப்பகங்களிலிருந்து 207 நாய்களை ஓரிரு இரவு யார் வீட்டிலாவது தங்கவைத்துப் பார்த்தது. வீட்டில் கார்ட்டிசோல் இறங்கியது, காப்பகம் திரும்பியதும் பழைய அளவுக்கே ஏறிவிட்டது. இந்த ஆய்வில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஹார்மோன் கணக்கு அல்ல, தூக்கக் கணக்கு. வெளியே தங்கிய இரவுகளில் நாய்கள் இடையூறில்லாமல் கூடுதல் நேரம் ஓய்வெடுத்தன. யாரும் கொஞ்சியதால் வந்த லாபம் என்று தோன்றவில்லை. யாரும் எழுப்பவில்லை, அவ்வளவுதான்.

நாய் வளர்ப்போர் வட்டாரத்தில் ஒரு வாய்பாடு உண்டு. முதல் மூன்று நாள் மிரட்சி, மூன்று வாரத்தில் வீட்டு வழக்கம் பிடிபடும், மூன்று மாதத்தில் இது நம் வீடு என்ற நினைப்பு வரும். புதிதாக நாய் எடுத்தவர்களின் அவசரத்தை அடக்க இது நல்ல மருந்து. மணிக்குக் கணக்கு வராது. அவன் அவன் போக்கில் எடுத்துக்கொண்டான்.

நாங்கள் செய்ததில் பெரும்பகுதி செய்யாமல் விட்டவைதான். குளிப்பாட்டவில்லை. உறவினர்களைக் கூப்பிட்டுக் காட்டவில்லை. கட்டிலடியிலிருந்து இழுக்கவில்லை, பழைய பெட்ஷீட்டை இரண்டு பக்கமும் தொங்கவிட்டு அதை இன்னும் இருட்டான பொந்தாக்கிக் கொடுத்தோம். காலையும் மாலையும் அதே நேரம், அதே தட்டு, அதே மூலை. நான் அவனுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். எழுந்து போகும்போது ஒரு துண்டு வேகவைத்த கோழியைப் பின்னால் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவேன். (கோழி வெந்த வாசனை பற்றி மாமி எதுவும் சொல்லாததை அவருடைய பெருந்தன்மையாக எடுத்துக்கொள்கிறேன்.) குக்கர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் தந்திரம்: விசில் முதலில், கோழி உடனே பின்னால். வரிசை மாறினால் கோழித் தட்டைப் பார்த்தாலே பயம் வந்துவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். ரஷ்யாவில் பாவ்லவ் நாய்களை வைத்துக் கண்டதுதான், செம்பூர் சமையலறைக்கு வர நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

இன்னொன்று, பயந்த நாயைத் தேற்றினால் பயம் இன்னும் வளரும் என்று பலர் சொல்வார்கள். அது தவறு. பயம் ஒரு வித்தை அல்ல, தின்பண்டம் கொடுத்து வளர்ப்பதற்கு. அவனாக வந்து ஒட்டினால் தடவிக்கொடுக்கலாம். வராவிட்டால் நம் கையை நம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டாவது பாதிதான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கஷ்டமாக இருந்தது. அன்பு காட்ட வந்தவனிடம் சும்மா இரு என்றால் அவன் போக எங்கே இடம் இருக்கிறது?

யோசித்துப் பார்த்தால், நாம் கொடுக்கும் அன்பில் பாதிக்கு மேல் பதிலுக்கான ஏற்பாடு. மீட்டோம், சோறு போட்டோம், டாக்டர் பீஸ் கட்டினோம், ஒரு தடவை வாலாட்டக் கூடாதா? காப்பகங்களுக்குத் திரும்பிவரும் நாய்களில் சிலவற்றின் மேல் இந்தக் குறையும் எழுதப்படுகிறது: ஒட்டவில்லை. மணி எங்களிடம் அன்பைக் கேட்கவே இல்லை. நாளைக்கும் ஏழரைக்குச் சோறு வருமா, இந்த ஆள் திடீரென்று கையை நீட்டுவானா, இந்தக் கதவு எப்போது திறக்கும் என்று கேட்டான். இவற்றுக்கு ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப, சலிக்கச் சலிக்கச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு நாள் எனக்கே அலுத்துவிட்டது. அவனுக்கும் அலுத்திருக்க வேண்டும். அன்றுதான் கட்டிலடியிலிருந்து மூக்கு வெளியே தெரிந்தது. நம்பிக்கை வந்துவிட்டது என்று அதற்குப் பெயர் வைக்க எனக்குத் தயக்கம். எங்களைப் பார்த்துப் பார்த்துப் போரடித்துவிட்டது என்பதே சரி.

என் அப்பா டைப்ரைட்டிங்கும் ஷார்ட்ஹேண்டும் கற்றுக்கொண்டு ரயிலேறி இந்த ஊருக்கு வந்தவர். மாட்டுங்காவில் ஒரே அறையில் பல பேர். யாரும் அவரை ஆரத்தி எடுத்து வரவேற்கவில்லை. 1966-ல் சிவசேனை பிறந்து, தென்னிந்தியர்களைக் குறிவைத்து, புங்கியை ஊது, லுங்கியை விரட்டு என்று தெருவெங்கும் கோஷம் கேட்ட காலத்தில் வேட்டியை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு பேண்ட்டோடு மட்டும் நடமாடியவர். இந்த ஊர் எப்படி அவருக்கு வீடானது என்று கேட்டிருக்கிறேன். அவர் சொன்னதெல்லாம் மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்து சாப்பாட்டுக் கடையைப் பற்றித்தான். ஏ. ராமா நாயக் 1942-ல் தொடங்கிய ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங். அதே மணிக்கு அதே ரசம், பக்கத்தில் அதே முகங்கள், பேச்சு ஒன்றும் பெரிதாக இல்லை. தாராவிக்குத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்களும் ஊர்க்காரர்கள் இருந்த சந்துகளை ஒட்டித்தான் குடிசை போட்டார்கள். தன்னை நாயோடு ஒப்பிட்டதற்கு அப்பா இருந்திருந்தால் கோபித்துக்கொண்டிருப்பார். ஆனால் மணியை அவருக்குப் பிடித்திருக்கும். இருவரும் அதிகம் பேசாதவர்கள்.

தாராவியைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. மணியோடு வந்த அட்டையில், பிடிபட்ட இடம் என்று தாராவி 90 அடி ரோடு போட்டிருந்தது. பின்னங்காலில் வண்டி ஏறியிருக்கிறது. காது நுனியில் ஒரு சிறு வெட்டு, கருத்தடை செய்த தெருநாய்க்கு அடையாளமாக வைப்பது. அதைத் தடவும்போதெல்லாம் எனக்கு ஒரு உறுத்தல். இவனுக்கு வீடு இல்லை என்று சொல்லித்தான் கூட்டிவந்தோம். 90 அடி ரோட்டில் ஏதோ ஒரு டீக்கடை வாசல் இவன் வீடாக இருந்திருக்கும். அங்கே இவனுக்கு எல்லாச் சத்தத்துக்கும் சொந்தக்காரர் தெரிந்திருக்கும்.

தெருநாயின் தெருவும் ஒரு வீடுதான் என்பதை இந்த ஊர் கொஞ்சம் அடிதடி நடத்தியே கற்றுக்கொண்டிருக்கிறது. 1832 ஜூன் மாதம், தெருநாய்களைக் கொல்லக் கூலி கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனி அரசாங்கத்தின் ஆட்களைக் கோட்டைப் பகுதியில் பார்சிகள் மறித்து அடித்தார்கள். மறுநாள் கடைகள் அடைக்கப்பட்டன. இறந்தவர் உடலை நாய் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் சமயச் சடங்கு. நாய் அவர்களுக்கு வெறும் நாய் அல்ல. இரண்டு வருடம் கழித்து 1834-ல் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயும் மோதிசந்த் அமிசந்தும் சேர்ந்து பூலேஷ்வரில் பாஞ்சராபோல் என்ற விலங்குக் காப்பகத்தைத் தொடங்கினார்கள். ஆனாலும் மாநகராட்சிகள் நாயைக் கொல்வதை விடவில்லை. கொன்று தீராது, கருத்தடைதான் வழி என்று 1964-லேயே மதராசில் சொல்லிச் செய்துகாட்டியது புளூ கிராஸ். அந்த மாநகராட்சி காதில் போட்டுக்கொள்ள முப்பது வருடத்துக்கு மேலானது. 2001-ல் வந்து 2023-ல் புதுப்பிக்கப்பட்ட மத்திய அரசின் விதிகள், கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்கின்றன.

2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் டெல்லித் தெருநாய்களை எல்லாம் காப்பகத்துக்குக் கொண்டுபோகச் சொன்னது. பதினொரு நாளில், 22-ம் தேதி, மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தி, வெறி பிடித்ததும் மூர்க்கமானதும் தவிர மற்றவற்றைப் பழைய இடத்திலேயே விடச் சொன்னது. நவம்பரில் பள்ளி, ஆஸ்பத்திரி, ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடித்தவற்றைத் திரும்ப அங்கே விடக்கூடாது என்றது. குழந்தையை நாய் கடித்த வீட்டில் போய் நாயின் வீட்டுரிமை பேச எனக்கு நாக்கு எழாது. ரேபிஸ் வந்தால் பிழைப்பது இல்லை என்றே சொல்லிவிடலாம். ஆனால் காப்பகத்தில் கொண்டுபோய் விட்டால் போதும் என்று சுலபமாகச் சொல்பவர்களுக்கு ஒரு வேலை கொடுக்க ஆசை: நூறு நாய் இருக்கும் கூடத்தில் ஒரு மத்தியானம் உட்கார்ந்து வரட்டும்.

மணியைத் தாராவியில் திரும்ப விட்டிருக்கலாமா? கால் சரியாக இருந்தால் விட்டிருக்க வேண்டும் என்றே இப்போதும் நினைக்கிறேன். மகளுக்கு இந்தப் பேச்சே பிடிக்காது. நொண்டும் காலோடு அந்த ரோட்டில் இன்னொரு வண்டிக்குத் தப்ப மாட்டான், அதனால் எங்களிடம் இருக்கிறான். காப்பாற்றினோம் என்பதைவிட, அவனுக்கு வேறு வழி இல்லாதபோது நாங்கள் இருந்தோம் என்று சொன்னால் எனக்கு நிம்மதியாக இருக்கிறது. நன்றி எதிர்பார்க்கும் பாரமும் குறைகிறது.

இப்போது ஹாலில் படுக்கிறான். சொசைட்டியில் ஒருவர் நாயை லிஃப்ட்டில் ஏற்றக் கூடாது என்றார். அப்படித் தடுக்கக் கூடாது என்னும் விலங்கு நல வாரியத்தின் 2015 சுற்றறிக்கையை மகள் பிரின்ட் எடுத்துக் கொடுத்தாள். கொடுத்த பிறகும் நாங்கள் படியில்தான் போகிறோம், மணிக்கு லிஃப்ட் பிடிக்காது. வெளியே போகும்போது இடுப்பில் ஒன்று கழுத்தில் ஒன்றாக இரண்டு வார். மிரண்ட நாய் ஒரு பட்டாசுக்குக் கழற்றிக்கொண்டு ஓடினால் இந்த ஊரில் தேடிக் கண்டுபிடிப்பது லேசில்லை. மாமியின் குரலுக்கு இப்போது காது மட்டும் அசைகிறது. மாமி தயிர்சாதம் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு உள்ளே பார்க்காமல் போய்விடுகிறார். இதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

விநாயகர் சதுர்த்தி வருகிறது. பத்து நாளும் தெருவில் டோல் தாஷா முழங்கும், விசர்ஜனத்தன்று சுவரே அதிரும். டாக்டர் அன்றைக்கு மட்டும் கொடுக்க மாத்திரை எழுதித் தந்திருக்கிறார். "நாய்க்கு மனசுக்கு மாத்திரையாடா?" என்று மாமி சிரித்தார். ஏன் கூடாது? ரத்தக் கொதிப்புக்கு நாங்கள் முழுங்குகிறோமே. பின்னறை ஜன்னலைச் சாத்தி, ஃபேனை முழு வேகத்தில் வைத்து, கட்டிலில் பழைய பெட்ஷீட்டைத் திரும்பத் தொங்கவிட வேண்டும். அதெல்லாம் முடிந்ததும் அவனை பாந்த்ராவில் கார்ட்டர் ரோட்டுக்குக் கூட்டிப்போகலாம், கடற்காற்று நல்லது, மற்ற நாய்களோடு பழகட்டும் என்கிறாள் மகள். நான் இன்னும் சரி சொல்லவில்லை. இங்கே பக்கத்தில் டைமண்ட் கார்டன் வரைக்கும் முதலில் போய் வரட்டும்.