தானியமிடுதல் தருமமாமோ?

ஈகையாவது கொடுப்பவன் மனமகிழ்ச்சியினால் அளக்கப்படுவதன்று. கொள்பவர்க்கு விளையும் பயனினாலேயே அளக்கப்படுவதாம். மக்களுக்கு ஈயுமிடத்து இதனை யாவரும் ஒப்புவர். நோயாளி விரும்பிய பண்டமெல்லாவற்றையும் அவனுக்கு ஊட்டுவோனை அன்பன் என்று எவருஞ் சொல்லார். வாய்பேசாப் பிராணிகளுக்கு ஈயுமிடத்தோ இவ்வுண்மை எளிதில் மறக்கப்படுகின்றது. அவை வந்து உண்ணக் கண்டமாத்திரத்தே, நன்மை செய்தோம் என்று நம்முள்ளம் அமைந்துவிடுகின்றது.

மேலைநாடுகளிலே வீட்டுத் தோட்டங்களில் தானியப் பாத்திரங்களைத் தூக்கிக் காட்டுக் குருவிகளுக்கு உணவிடும் வழக்கம் மிகுதியாயுண்டு. கடுங்குளிர்க் காலத்தில் அதனாற் குருவிகள் பல உயிர்தப்புதல் உண்மையே. ஆயினும், இயற்கை பரப்பி வைத்த உணவை அப்பாத்திரம் ஓரிடத்திற் குவிக்கின்றது. உணவு குவியவே உயிர்கள் குவிகின்றன. உயிர்கள் குவியவே நோயும் எளிதிற் பரவுகின்றது.

பிரித்தானியாவிலே, புறாக்களின் தொண்டையைப் பற்றும் நுண்ணுயிரொன்று 2005 ஆம் ஆண்டிற் சிறு குருவிகளிடத்துங் காணப்பட்டது. அந்நோயுற்ற குருவி கொத்திய மணியை விழுங்கமாட்டாது கக்கும். எச்சில் தோய்ந்த அம்மணியைப் பிறிதொன்று கொத்தும். இவ்வாறு பரவிய நோயினாலே கிறீன்பிஞ்சு என்னும் பசுநிறக் குருவியினம் பாதிக்கு மேற் குறைந்து, 2021 ஆம் ஆண்டிலே அந்நாட்டுச் சிவப்புப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவிலும், 1994 ஆம் ஆண்டிலே வாஷிங்டன் நகரின் அயலில் ஹவுஸ்பிஞ்சு என்னுங் குருவிகளிடத்துக் கண்வீக்க நோயொன்று தோன்றிற்று. நோயுற்ற குருவி குழாய்ப் பாத்திரத்தின் துவாரத்திலே தலையை நுழைக்க, விளிம்பிற் படிந்த கிருமி அடுத்து வந்ததனையும் பற்றிற்று.

மான்களுக்கு நேருங் கேடு இன்னும் வியக்கத்தக்கது. பனிக்காலத்திலே மான் சுள்ளியும் அரும்புந் தின்று வாழும். அதன் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் அவ்வுணவுக்கே இசைந்திருக்கும். அந்நிலையிலே சோளத்தை நிரம்பத் தின்னின், அஃது உள்ளே புளித்து அமிலமாகிக் கொல்லும். வயிறு நிறைந்திருக்கவே மான் மாண்டுகிடக்கும். மிச்சிகன் மாநிலத்துக் காட்டுமான்களிடையே கயரோகம் நிலைபெற்றமை 1994 ஆம் ஆண்டுமுதல் அறியப்பட்டது. உணவுக் குவியல்களிலே அவை முகத்தோடு முகம் வைத்து உண்டமை அந்நோய் பரவுதற்கு ஏதுவாயிற்று. இனி, ஈரத்தாற் பூஞ்சணம் பிடித்த சோளமோ பட்சிகளுக்கும் மிருகங்களுக்கும் நஞ்சேயாம்.

வேட்டைக்காரர் சிலர், குறித்த வேளையிலே சோளத்தைச் சிதறும் பொறியை நிறுத்தி, அருகே துப்பாக்கியுடன் மறைந்திருப்பர். உணவென்று நம்பி வந்ததனைக் கொல்லும் அச்செயல் ஈகையன்று, வஞ்சனையேயாம். தோட்டக்காரரோ வஞ்சமில்லாதவர். ஆயினும், அவருடைய நல்லெண்ணம் நோயுற்ற குருவியின் தொண்டையைத் திறவாது.

“தப்பியவை பலவாயின், இறந்தவை சிலவற்றை எண்ணுதல் வேண்டுமோ?” என்று ஒருவர் வினாவலாம். தப்பியவை பாத்திரத்தண்டை வந்து நம் கண்முன்னே பாடுகின்றன. இறப்பவை வேலியடியிற் புதரினுள்ளே ஒடுங்குகின்றன. கண்டவற்றை மாத்திரம் கொண்டு எழுதிய கணக்கு நேரிய கணக்காகாது.

ஆதலால், குருவிகளுக்கு உணவிட விரும்புவோர், அன்றன்று உண்டு தீருமளவே இடுக. பாத்திரத்தைக் கழுவி நன்றாய் உலர்த்துக. இடத்தை அடிக்கடி மாற்றுக. நோயுற்ற ஒன்றைக் கண்டால் உடனே நிறுத்துக. இவ்வளவு முயற்சிக்கு உடன்படாதவர் இடாதிருத்தலே நன்று. இதனினுஞ் சிறந்தது, பழந்தரு மரங்களை நட்டு, புல்லை விதை முற்றும்வரை விட்டு, புதர்களை வெட்டாது காத்தலாம். அவ்வீகையிலே உணவு பரந்து கிடக்கும். கூடுகட்ட இடமும் உண்டாகும். அங்கே வந்து உண்பவற்றை நாம் சாளரத்தினின்று காணாது போகலாம். காணும் இன்பத்தை விட்டும் அவ்வுயிர்களின் நலத்தை நாடுவோமா என்பதே ஈண்டு நம் அன்புக்குச் சோதனை. நன்மக்கள் சிந்திப்பார்களாக.