ரஹ்மத்துக்கு இடம் விடுவோம்

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. அவனுடைய திருத்தூதர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அன்னாருடைய கிளையார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

 

செபராங் ஜெயாவில் வானம் இருட்டிக் கொண்டு வந்தால் நம்மில் பலருக்குச் சந்தோஷம் வருவதில்லை. மூட்டைகளைப் பலகை மேல் ஏற்ற வேண்டுமே என்ற கவலைதான் வருகிறது. மழை அல்லாஹ்வின் ரஹ்மத். அந்த ரஹ்மத்தைக் கண்டு நாம் அஞ்சும் நிலை ஏன் வந்தது? மதறஸாவில் ஓதிய அளவுக்கும், கடையில் பழகிய அளவுக்கும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஹஜ்ரத் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு சம்பவம் புகாரி ஷரீபில் இருக்கிறது. மதீனாவில் மழையில்லாத காலம். ஒரு ஜுமுஆ நாளில் நாயகம் (ஸல்) அவர்கள் குத்பா ஓதிக் கொண்டிருக்கையில் ஒருவர் பள்ளிக்குள் வந்து, கால்நடைகள் அழிகின்றன, மழைக்காக துஆச் செய்யுங்கள் என்று முறையிட்டார். நாயகம் அவர்கள் கையேந்தினார்கள். மேகமே இல்லாத வானத்தில் மேகம் திரண்டு, ஒரு வாரம் விடாமல் மழை கொட்டியது. மறு ஜுமுஆவில் ஒருவர் வந்து, இப்போது மழையினால் அழிவு உண்டாகிறது, அதை நிறுத்தும்படி கேளுங்கள் என்றார்.

அப்போது நாயகம் அவர்கள் கேட்டது என்ன? மழையே வேண்டாம் என்று கேட்கவில்லை. எங்கள் மேல் வேண்டாம், எங்களைச் சுற்றிப் பெய்யட்டும், குன்றுகள் மீதும், பள்ளத்தாக்குகளிலும், மரங்கள் முளைக்கும் இடங்களிலும் பெய்யட்டும் என்ற கருத்தில் துஆச் செய்தார்கள்.

சகோதரர்களே! இதைக் கவனியுங்கள். மழைக்கென்று இடம் இருக்கிறது. பள்ளமும், மண்ணும், மரத்தின் வேரும் அதன் இடங்கள். ஸூரத்துல் முஃமினூனில் அல்லாஹ் தஆலாவும், வானத்திலிருந்து நீரை அளவோடு இறக்கிப் பூமியில் தங்க வைப்பதாகவும், அதைப் போக்கிவிடவும் தான் ஆற்றல் உடையவன் என்றும் கூறுகிறான். இறக்குவது அவன். தங்குவதற்கு இடம் விடுவது நம் பொறுப்பு.

நாம் இடம் விட்டோமா? கடைக்கு முன்னால் அஞ்சடி சிமெண்டு. பின்புறம் சிமெண்டு. வண்டி நிறுத்த மிச்சமிருந்த புல் தரையும் தார். நம் கணக்கிலேயே பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் இடத்தில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். இருபது அடி அகலம், அறுபது அடி நீளமுள்ள கடைக் கூரை ஏறக்குறைய 111 சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் பெய்தால் அந்த ஒரு கூரையிலிருந்து மட்டும் சுமார் 5,500 லிட்டர் இறங்கும். பத்துக் கடை கொண்ட ஒரு வரிசைக்கு 55,000 லிட்டர். இவ்வளவும் ஒரே நேரத்தில் ஒரே சாக்கடையில் விழுந்தால் அது என்ன செய்யும்?

அதிலும் நமது தாழ்ந்த கடற்கரைப் பூமி. கடல் ஏறியிருக்கும் வேளையில் மழையும் சேர்ந்தால், ஆற்றுக்குப் போன தண்ணீர் கடலில் வடிய வழியில்லாமல் நிற்கும். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கில் அடித்த பெருமழையில் ஏழு பேர் உயிரிழந்தார்கள். ஆயிரக்கணக்கானவர் வீடு விட்டு வெளியேறினார்கள். அத்தகைய மழையை நம் சிறு ஏற்பாடுகள் தடுத்துவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வருஷத்தில் பல முறை வரும் சாதாரண மழைக்கும் தெருவில் தண்ணீர் நிற்கிறதே, அதில் நம் கைக்கும் பங்குண்டு.

நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு கப்பலை உவமை காட்டினார்கள். மேல் தட்டில் சிலர், கீழ்த் தட்டில் சிலர். கீழே இருப்பவர்கள், நம் பாகத்தில்தானே என்று தண்ணீருக்காகத் துளையிட நினைக்கிறார்கள். மற்றவர்கள் விட்டுவிட்டால் எல்லாரும் மூழ்குவார்கள். கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லாரும் பிழைப்பார்கள். நாமும், என் கடை, என் சிமெண்டு, என் சாக்கடை வாசல் என்கிறோம். தண்ணீர் எல்லை பார்த்துப் போவதில்லை. நாம் ஊற்றும் பழைய எண்ணெயும், வீசும் பிளாஸ்டிக் பையும் அடுத்த கடைக்காரரைத் தாண்டி ஆற்றுக்கும், அங்கிருந்து கடலுக்கும் போகின்றன. 1970-களில் பிறைத் தொழிற்சாலைக் கழிவுகள் ஜூரு ஆற்றைக் கெடுத்தபோது, கோலா ஜூரு மீனவர்களின் பிழைப்பு அடிபட்டதை இந்த வட்டாரம் பார்த்திருக்கிறது. பிறருக்குத் தீங்கு செய்வதை மார்க்கம் தடுத்திருக்க, நமக்குக் கீழே ஆற்றங்கரையில் இருப்பவரின் ஹக்கை நாம் எப்படி மறக்கலாம்?

"இதெல்லாம் சர்க்கார் வேலை" என்பார் சிலர். சர்க்காரும் தன் வழியை மாற்றிக் கொண்டிருக்கிறது. 1975-ஆம் வருஷத்து வடிகால் விதிகள், மழைநீரை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் வெளியேற்று என்ற கருத்தில் அமைந்தவை. நீர்ப்பாசன வடிகால் இலாகாவின் 'மஸ்மா' என்னும் புதிய வழிகாட்டி 2001 முதல் நடைமுறைக்கு வந்தது. விழுந்த இடத்திலேயே நீரைத் தாமதப்படுத்து என்பது அதன் சாரம். இதற்கு மாதிரி பார்க்க வெளிநாடு போக வேண்டாம். நம் செபராங் பிறையிலேயே, நிபோங் தெபாலில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகத்தில் 'பயோஇகோட்ஸ்' என்ற ஏற்பாடு 2003-ல் தொடங்கப்பட்டது. அங்கே சிமெண்டுச் சாக்கடைக்குப் பதில் புல் மூடிய ஆழமில்லாத வாய்க்கால்கள். அவற்றுக்கு அடியில் மணலும், துளையுள்ள பெட்டிகளும். தண்ணீர் மெதுவாக வடிகட்டப்பட்டுக் குளங்களுக்கும் சதுப்பு நிலத்துக்கும் போய்ச் சேருகிறது. இராமநாதபுரம் சீமையில் நம் முன்னோர் ஊருணி வெட்டி மழையைத் தேக்கினார்களே, அந்தப் புத்திதான் இதுவும்.

இனி நாம் செய்யக்கூடியது. கூரைக் குழாய்க்கு அடியில் 200 லிட்டர் பீப்பாய்கள் இரண்டை வையுங்கள். கொசு புகாதபடி மூடியும் நெருக்கமான வலையும் அவசியம். டிங்கியை வளர்ப்பது ஸவாபான காரியம் ஆகாது. அந்தத் தண்ணீரில் அஞ்சடியைக் கழுவலாம், செடிக்கு ஊற்றலாம். அடுத்த மழைக்கு முன் பீப்பாயைக் காலி செய்து வைத்தால்தான் பிரயோஜனம். பின்புறத்தில் ஒரு பட்டை நிலமாவது புல்லுக்கும் மரத்துக்கும் விடுங்கள். வாடகைக் கடையாக இருந்தால் சொந்தக்காரரையும் மாநகர் மன்றத்தையும் கேட்டுச் செய்யுங்கள். களிமண் பூமியில் நீர் சீக்கிரம் இறங்காது. அங்கே உறிஞ்சுகுழி தோண்டிப் பணத்தை வீணாக்காமல், ஆழமில்லாத புல் பள்ளமாக அமைப்பது நல்லது. சாப்பாட்டுக் கடைக்காரர்கள் எண்ணெயைப் பிரிக்கும் தொட்டியை வாரந்தோறும் சுத்தம் செய்யுங்கள். பாதையிலிருந்து இடைஞ்சலை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று நபிகள் கற்பித்தார்கள். சாக்கடையை அடைத்திருக்கும் சாக்கைத் தூக்கிப் போடுவதும் அதில் சேராதா?

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பள்ளியின் கூரை பெரிது, முற்றமும் பெரிது. அங்கே விழும் மழையும், ஒளுச் செய்த தண்ணீரும் மரத்துக்குப் போகும்படி அமைத்தால் ஜமாஅத்தார் பார்த்துக் கற்றுக் கொள்வார்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வை என்பது நமக்குக் கிடைத்த பாடம். ஒரு கடை செய்தால் ஒரு கடையின் தண்ணீர் தாமதப்படும். வரிசை முழுவதும் செய்தால் தெரு பிழைக்கும். அடுத்த ஜுமுஆவுக்குள் பக்கத்துக் கடைக்காரர், சீனரோ இந்துவோ யாராயினும், அவரோடு உட்கார்ந்து இதைப் பேசுங்கள்.

யா அல்லாஹ்! உன் மழையை எங்களுக்கு ரஹ்மத்தாகவே ஆக்கி வைப்பாயாக. அதற்கு இடம் விடும் மனதை எங்களுக்குத் தருவாயாக. ஆமீன்.