முந்திப் பிறந்தது பிழையா?

பரிசு கொடுப்பது எளிது. நியாயமாகக் கொடுப்பதுதான் கடினம். ஒரு வருஷம் முழுவதும் வந்த படைப்புகளை வரிசையாக வைத்து, 'இவற்றுள் சிறந்தது எது?' என்று கேட்கும்போது, நாம் ஒரு தராசைக் கையில் எடுத்துக்கொண்டதாக எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் நாம் எடுத்துக்கொள்வது ஞாபகத்தை. ஞாபகமோ எல்லா மாதங்களையும் ஒரே மாதிரி நிறுப்பதில்லை. நேற்றுச் சாப்பிட்ட விருந்தின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. பத்து மாதத்துக்கு முன் சாப்பிட்ட விருந்து, 'நன்றாகத்தான் இருந்தது' என்ற இரண்டு வார்த்தைகளாகச் சுருங்கிப்போகிறது.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முறையில் வேலை பார்க்கும் இளைஞர்கள் சிலர் எனக்குப் பழக்கம். வேலை முடிந்து அறைக்குத் திரும்பியதும் அவர்களுக்கு ஓய்வு, உல்லாசம் எல்லாம் வீடியோ கேம்தான். நாற்பதைத் தாண்டிய என் போன்றவர்கள் அதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். ஒதுக்குவது நியாயம் இல்லை. கதை, ஓவியம், இசை, நடிப்பு எல்லாம் அதில் ஒன்று கூடுகின்றன. பெரிய ஆட்டம் ஒன்றின் பின்னால் நூற்றுக்கணக்கான மனிதர்களின் பல வருஷத்து உழைப்பு இருக்கிறது. அதற்கும் விருது உண்டு. விருது இருக்கும் இடத்தில் வழக்கும் உண்டு. அந்த இளைஞர்களில் ஒருவர் ஒருநாள் என்னிடம் அந்த வழக்கைத் தொடுத்தார்: "ஜனவரியில வர்ற கேம் எவ்வளவு நல்லா இருந்தாலும், டிசம்பர்ல பரிசு குடுக்கும்போது யாருக்கும் ஞாபகம் இருக்காது சார்!"

வழக்கு என்று வந்துவிட்டால் முதலில் சாட்சியைப் பார்க்க வேண்டும். 2014 முதல் ஆண்டுதோறும் டிசம்பரில் 'தி கேம் அவார்ட்ஸ்' என்ற விருதுகளை அமெரிக்காவில் வழங்குகிறார்கள். பத்திரிகைகள் சேர்ந்த நடுவர் குழுவின் வாக்குக்கு நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு. பொதுமக்கள் வாக்குக்குப் பத்துப் பங்கு. 2025 வரை ஆண்டின் தலைசிறந்த ஆட்டம் என்று 12 ஆட்டங்கள் பட்டம் பெற்றிருக்கின்றன. அவற்றுள் ஆறு, பிப்ரவரியிலிருந்து ஏப்ரலுக்குள் வெளியானவை. 2017-ல் வென்ற 'பிரெத் ஆஃப் தி வைல்ட்', 2019-ல் வென்ற 'செகிரோ', 2021-ல் வென்ற 'இட் டேக்ஸ் டூ' மூன்றும் மார்ச்சில் வந்தவை. 2022-ல் வென்ற 'எல்டன் ரிங்' பிப்ரவரியில் வந்தது. ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில் வந்து வென்ற ஆட்டம், 2014 நவம்பரில் வெளியான 'டிராகன் ஏஜ்: இன்க்விசிஷன்' ஒன்றே ஒன்று. சினிமாவிலும் இப்படி ஓர் உதாரணம் உண்டு. 'தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' 1991 பிப்ரவரியில் திரைக்கு வந்தது. பதின்மூன்று மாதம் கழித்து, 1992 மார்ச்சில், சிறந்த படத்துக்கான ஆஸ்கார் பரிசைப் பெற்றது.

அப்படியானால் வழக்கைத் தள்ளிவிடலாமா? கொஞ்சம் பொறுங்கள். ஞாபகத்தில் நின்றவை எப்படிப்பட்டவை என்பதையும் பார்க்க வேண்டும். 'எல்டன் ரிங்' வருவதற்கு முன்பே உலகம் அதற்காகக் காத்துக்கிடந்தது. வந்த பிறகு மாதக்கணக்கில் அதையே பேசியது. அந்த மாதிரிப் படைப்பை நடுவர் மறக்க நினைத்தாலும் ஊர் மறக்க விடாது. ஆரவாரமாக வருகிறவர்களுக்குப் பஞ்சாங்கம் ஒரு பொருட்டில்லை. ஓசையில்லாமல் வருகிறவர்களுக்குத்தான் அது தலைவிதி.

2023 ஜனவரி 25-ஆம் தேதி 'ஹை-ஃபை ரஷ்' என்று ஓர் ஆட்டம் வெளியாயிற்று. ஜப்பானில் உள்ள டாங்கோ கேம்வொர்க்ஸ் செய்தது. முன்னறிவிப்பு எதுவும் கிடையாது. அறிவித்த நாளே கடைக்கும் வந்துவிட்டது. இசையின் தாளத்துக்கு ஏற்ப அடியெடுத்து வைத்துச் சண்டை போடும் ஆட்டம் அது. ஆடியவர்கள் கொண்டாடினார்கள். டிசம்பரில் சிறந்த ஒலியமைப்புக்கான விருது அதற்குக் கிடைத்தது. ஆனால் ஆண்டின் தலைசிறந்த ஆட்டத்துக்குப் போட்டியிட்ட ஆறு பெயர்களில் அதன் பெயர் இல்லை. அந்த ஆறில் மூன்று அக்டோபரில் வந்தவை. மிக முந்தியது மார்ச்சில் வந்தது. ஆறும் நல்ல ஆட்டங்களே. மறதி ஒன்றுதான் காரணம் என்று தீர்ப்பு எழுதினால் அது அவசரத் தீர்ப்பாகிவிடும். இருந்தாலும் ஜனவரிக்காரனின் மனத்தில் அந்தச் சந்தேகம் முளைப்பதை யார் தடுக்க முடியும்?

இது அமெரிக்காக்காரர்களின் வழக்கந்தானே என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. திருவள்ளூர் மாவட்டத்து வயல்களைப் பாருங்கள். சித்திரை, வைகாசியில் நட்டு ஆடி, ஆவணியில் அறுக்கும் நெல்லுக்குச் சொர்ணவாரி என்று பெயர். அதற்குப் பின் சம்பா. அது தை பிறக்கும் சமயத்தில் அறுவடைக்கு வருகிறது. பொங்கல் பானையில் ஏறுவது எந்த நெல்? புது நெல், அதாவது சம்பா. சொர்ணவாரியும் அதே மண்ணில், அதே மனிதனின் வேர்வையில் விளைந்ததுதான்; எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிய வைத்ததுதான். அதற்கு ஒரு பண்டிகை இல்லை. நெல்லுக்கு மனம் கிடையாது, அதனால் அது வருந்துவதில்லை. மனிதன் வருந்துகிறான்.

வழக்குத் தொடுத்த இளைஞரே அப்படி வருந்தியவர்தாம் என்பது பேச்சு வளர்ந்த பிறகு தெரிந்தது. அவர் வேலை பார்க்கும் இடத்தில் கணக்கு வருஷம் ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. மே மாதக் கத்திரி வெயில் காலத்தில், ஒரு ராத்திரி ஷிப்டில், நின்றுபோன இயந்திரம் ஒன்றைப் பொழுது விடிவதற்குள் இவர் ஓட வைத்திருக்கிறார். அன்று எல்லோரும் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். மார்ச்சில் மதிப்பீட்டுத் தாளை எடுத்த சூப்பர்வைசருக்கு, பிப்ரவரியில் இவர் இரண்டு நாள் தாமதமாக வந்ததுதான் கண்முன் நின்றது. சம்பள உயர்வு குறைந்துவிட்டது. "மே மாசம் நான் செஞ்சது கணக்குல வராதா சார்?" என்று கேட்டார். வீடியோ கேமைப் பற்றி அவர் ஏன் அவ்வளவு சூடாகப் பேசினார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அந்தச் சூப்பர்வைசர் கெட்டவராக இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. மனித மனத்தின் அமைப்பே அப்படி. 1966-ல் கிளான்சர், குனிட்ஸ் என்ற இரண்டு மனநூலார் ஒரு சோதனை செய்தார்கள். வரிசையாகச் சில சொற்களைக் காட்டி, உடனே திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். முதலில் வந்த சொற்களும் கடைசியில் வந்த சொற்களும் நன்றாக நினைவில் இருந்தன. நடுவில் வந்தவை நழுவின. ஆனால் முப்பது விநாடி நேரம் எண்களை எண்ண வைத்துவிட்டுக் கேட்டபோது, கடைசிச் சொற்களுக்கு இருந்த சலுகை மறைந்துவிட்டது. சொற்பட்டியல் வேறு, கலைப்படைப்பு வேறு என்பது எனக்கும் தெரியும். ஆயினும் கடைசியாக வந்ததன் பிரகாசத்தில் ஒரு பகுதி, அது கடைசியாக வந்ததனால் மட்டுமே கிடைத்தது என்பதை இந்தச் சிறு சோதனை சொல்லாமல் சொல்லுகிறது. கொஞ்சம் காத்திருந்தால் அந்தப் பிரகாசம் தணிந்துவிடும்.

காத்திருப்பதையே விதியாக வைத்துக்கொண்ட ஸ்தாபனமும் நம் நாட்டில் இருக்கிறது. சாகித்திய அக்காதெமி 2023-ஆம் ஆண்டு விருதுக்கு 2017 ஜனவரியிலிருந்து 2021 டிசம்பர் வரை வெளியான நூல்களைத்தான் எடுத்துக்கொண்டது. முந்தின மாதத்து நூல் என்ற கவர்ச்சி அங்கே எதற்கும் இல்லை. ஐந்து வருஷத்து நூல்கள் ஒரே பந்தியில் உட்காருகின்றன. அழகான ஏற்பாடு!

ஆனால் காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. கல்கியின் 'அலை ஓசை'க்கு 1956-ல் சாகித்திய அக்காதெமி பரிசு கிடைத்தது. கல்கி 1954 டிசம்பரிலேயே காலமாகிவிட்டார். நூல் காத்திருக்கலாம், ஆசிரியருக்கு அந்த அவகாசத்தைக் காலம் கொடுக்கவில்லை. 'ஹை-ஃபை ரஷ்' செய்த டாங்கோ கேம்வொர்க்ஸை மூடப்போவதாக, விருது வாங்கிய ஐந்தாவது மாதத்தில், 2024 மே மாதம், அதன் உரிமையாளரான மைக்ரோசாப்ட் அறிவித்தது. பிறகு ஆகஸ்டில் கொரிய நிறுவனமாகிய கிராப்டன் அதை எடுத்துக்கொண்டது. பாராட்டு வயிற்றை நிரப்பாது என்பார்கள். உரிய நேரத்தில் வரும் பாராட்டு சில சமயம் வேலையையாவது காப்பாற்றும் என்று நம்பித்தான் மனிதர்கள் அதற்கு ஏங்குகிறார்கள்.

அவசரப்பட்டால் அநியாயம், தாமதித்தால் ஆள் இல்லை. பின் என்னதான் வழி? வழி பழையதுதான். வள்ளுவர் செய்ந்நன்றி அறிதலை இல்லறத்தானுக்குச் சொன்னார். பொச்சாவாமை என்னும் மறவாமையை அரசியலில் வைத்து, ஆளுகிறவனுக்குச் சொன்னார். மிகுந்த மகிழ்ச்சியில் திளைக்கும்போது வரும் மறதியைத்தான் அங்கே அவர் முதலில் கண்டிக்கிறார். புதிதாக வந்த ஒன்றின் இன்பத்தில் முழுகியிருக்கும் நடுவருக்கு இதைவிடப் பொருத்தமான எச்சரிக்கை வேண்டியதில்லை. வீட்டில் இருப்பவன் மறந்தால் நன்றிகெட்டவன் என்பதோடு போகும். தீர்ப்புச் சொல்லும் நாற்காலியில் இருப்பவன் மறந்தால் இன்னொருவன் பிழைப்பில் அது விழுகிறது. ஆகையால் மறதி அவனுக்கு இயல்பான குறை என்று சொல்லி மன்னித்துவிட முடியாது. ஞாபகம் அவன் உத்தியோகத்தில் ஒரு பகுதி. ஜனவரியில் ஒன்று நல்லதென்று தோன்றினால் ஜனவரியிலேயே ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். எதனால் நல்லது என்பதையும் இரண்டு வரி எழுதட்டும். மே மாதம் ஒருவன் இயந்திரத்தை ஓட வைத்தால், அதை மே மாதமே பதிந்து வைக்கட்டும். டிசம்பரிலோ மார்ச்சிலோ தீர்ப்புச் சொல்லுமுன் அந்த நோட்டின் முதல் பக்கத்திலிருந்து படிக்கட்டும். இதற்குப் பெரிய அறிவு தேவையில்லை. தன் ஞாபகத்தை நம்பாத அடக்கம் இருந்தால் போதும்.

நமக்கென்ன, நாம் யாருக்கும் பரிசு கொடுக்கப் போவதில்லையே என்று வாசகர்கள் எண்ணலாம். ஒவ்வொரு வீட்டிலும் தினமும் தீர்ப்பு வழங்கப்படுகிறது. கல்யாணமாகி வந்த புதிதில் குடும்பத்தின் கடனை அடைக்கத் தன் நகையைக் கழற்றிக் கொடுத்த மருமகளை, நேற்று அவள் சொன்ன ஒரு கடுஞ்சொல்லை வைத்து எடைபோடுகிறோம். முதல் சம்பளத்திலிருந்து தம்பி தங்கைகளைப் படிக்க வைத்த மூத்தவனை, போன மாதம் பணம் அனுப்பவில்லை என்பதற்காக நிந்திக்கிறோம். மூத்தவனாகப் பிறந்தது அவன் செய்த பிழையா? முந்திச் செய்த நன்மை முந்தியே மறக்கப்படுமானால், உதவுகிறவன் எல்லோருக்கும் கடைசியில்தான் கையை நீட்டுவான். அப்படி எல்லோரும் காத்திருக்கத் தொடங்கினால், ஆடி மாதத்தில் நம் வீடுகளில் உலை வைக்க நெல் இருக்காது.